பிஎஸ் சொல்வதை நம்பலாமா? ஒரு இரண்டெழுத்துக் கட்டளையின் வரலாறு



பி.காம் படிக்கிற பையனுக்கு யூனிக்ஸ் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போன செமஸ்டரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வரை எனக்கும் எந்தக் கவலையும் இல்லை.

அன்றைக்கு எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் கணினிக் கணக்கியல் செய்முறை வகுப்பு. சார் இன்னும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணினி அறிவியல் துறை நண்பன், "டேய், இந்த சர்வர்ல இப்ப என்னென்ன ஓடுதுன்னு பாக்கறியா?" என்று கேட்டுவிட்டு கருப்புத் திரையில் 'பிஎஸ்' என்று இரண்டெழுத்து தட்டினான். கூடவே 'ஏயூஎக்ஸ்' என்று மூன்றெழுத்து. கடகடவென்று நூறு வரிக்கு மேல் வந்து விழுந்தது. அதில் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. இன்டர்னல் மார்க் வைத்திருக்கும் தரவுத்தளத்தை நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் அது. அதன் பெயருக்குப் பக்கத்திலேயே, பட்டவர்த்தனமாக, அந்தத் தரவுத்தளத்தின் கடவுச்சொல்!

மாணவர்கள் எல்லோரும் நுழையும் அதே சர்வர். எனக்கு அந்த செமஸ்டரில் அடக்கவிலைக் கணக்கியலில் இன்டர்னல் 25க்கு 11. கை துறுதுறுத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், ஒரு கணினி ஏன் இப்படி ஊருக்கே உரக்கப் படித்துக் காட்டுகிறது என்று தேடியதில் கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

வன்தட்டில் சும்மா கிடக்கும்போது அது நிரல். நினைவகத்தில் ஏறி ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பெயர் ப்ராசஸ். ஒரே நிரலைப் பத்துப் பேர் ஓட்டினால் பத்து ப்ராசஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு.

நிரலை ஓட்டும்போது அதன் பெயருக்குப் பின்னால் சில சொற்களையும் சேர்த்துக் கொடுக்கிறோம். எந்தக் கோப்பைத் திறப்பது, எப்படி வேலை செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். இவைதான் ஆர்க்யுமென்ட்கள். ஹோட்டலில் 'தோசை' என்பது நிரல் என்றால், 'நெய் ஊத்தி, முறுகலா, வெங்காயம் இல்லாம' என்பது ஆர்க்யுமென்ட். வெறும் 'தோசை, தோசை, தோசை' என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு மாஸ்டர் என்ன செய்வார்? அதனால்தான் ப்ராசஸ் பட்டியலில் பெயர் மட்டும் போதாது, ஆர்க்யுமென்ட்களும் வேண்டும் என்ற தேவை வந்தது.

24 கிலோபைட் காலம்

கதை அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் முர்ரே ஹில்லில் இருக்கும் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. 1969ல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அங்கே யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுத ஆரம்பித்தார்கள். பிறகு அது பிடிபி-11 என்ற கணினிக்கு மாறியபோது அந்த இயந்திரத்தின் நினைவகம் மொத்தம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, 8 மட்டுமே பயனாளரின் நிரல்களுக்கு. இன்று நாம் போனில் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதற்குள் அடங்காது :-)

1972 ஜூனில் வந்த இரண்டாம் பதிப்புக் கையேட்டின் முன்னுரையிலேயே, யூனிக்ஸ் நிறுவப்பட்ட இடங்கள் 10 ஆகிவிட்டன, இன்னும் வரும் என்று பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். 1973ல் வந்த மூன்றாம் பதிப்பின் கையேட்டில்தான் பிஎஸ் முதன்முதலாக இடம் பெறுகிறது. ப்ராசஸ் ஸ்டேட்டஸ் என்பதன் சுருக்கம்.

அந்தச் சூழலைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரே கணினியைச் சிலர் பகிர்ந்துகொள்கிறார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கணினி மெதுவாகிவிட்டால் 'யாருப்பா இவ்வளவு வேலை குடுத்தது?' என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூட்டுக் குடும்பத்தில் அலமாரிக்குப் பூட்டு போடுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

கேட்டு வாங்கவில்லை, எட்டிப் பார்த்தது

இன்றைக்கு நாம் நினைப்பதுபோல், பிஎஸ் இயங்குதளத்திடம் 'பட்டியல் கொடு' என்று கேட்டு வாங்கவில்லை. அப்படிக் கேட்க அப்போது வழியே இல்லை. கணினியின் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பு போலத் திறந்து படிக்க யூனிக்ஸில் ஒரு வசதி இருந்தது. பிஎஸ் அதைத் திறந்து, இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் ப்ராசஸ் அட்டவணையை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று தேடி, நேரடியாக அங்கிருந்து படித்தது. அந்த இடம் எது என்று தெரிந்துகொள்ள, வட்டில் இருக்கும் கர்னல் கோப்பின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தது. ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் ஒன்று, வட்டில் இருக்கும் கோப்பு வேறொன்று என்றால் பிஎஸ் உளறும்.

1975ல் வந்த ஆறாம் பதிப்பில் அந்த அட்டவணையில் மொத்தம் 50 ப்ராசஸ்களுக்குத்தான் இடம். அதில் எண், நிலை, யாருடையது போன்ற விவரங்கள் இருந்தன. ஆர்க்யுமென்ட்களுக்கு இடம் இல்லை. இருக்கிற நினைவகத்தில் அந்த ஆடம்பரம் முடியாது.

அப்படியானால் ஆர்க்யுமென்ட்கள் எங்கே இருந்தன? அந்தந்த ப்ராசஸின் சொந்த நினைவகத்தில், ஸ்டாக் எனப்படும் பகுதியின் உச்சியில். நிரலை ஓட்டும்போது கர்னல் அவற்றை அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். அதன் பிறகு அது அந்த ப்ராசஸின் சொத்து. அழிக்கலாம், மாற்றலாம், கேட்பார் இல்லை. பிஎஸ் என்ன செய்தது? அந்த ஸ்டாக்கின் உச்சியை எட்டிப் பார்த்தது. இட நெருக்கடியில் ப்ராசஸ் வட்டுக்குத் தள்ளப்பட்டிருந்தால் அங்கே போய்த் தேடியது. சொற்கள் மாதிரி ஏதாவது தென்பட்டால் அதைக் காட்டியது.

1979ல் வந்த ஏழாம் பதிப்பின் கையேடு இதை ஒளிவுமறைவு இல்லாமல் ஒத்துக்கொள்கிறது. பெயரும் ஆர்க்யுமென்ட்களும் பிஎஸ் செய்யும் ஓர் ஊகம்தான், இந்த முறை இயல்பிலேயே அவ்வளவு நம்பத்தக்கதல்ல, அந்தத் தகவலை அழிக்க ப்ராசஸுக்கு உரிமை உண்டு, ஆகவே அதிகம் நம்பாதீர்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். குறைகள் பகுதியில், பிஎஸ் ஓடும்போதே நிலைமை மாறலாம், அது தரும் சித்திரம் உண்மைக்கு நெருக்கமானது மட்டுமே என்றும் ஒரு குறிப்பு.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் தணிக்கைப் பாடம் ஞாபகம் வந்தது. இருப்பு நிலைக் குறிப்பு மார்ச் 31 என்று ஒரு தேதியில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துப் பார்க்கிறது. பிஎஸ்ஸால் எதையும் நிறுத்த முடியாது. வியாபாரம் நடந்துகொண்டிருக்கும் கடையில் கல்லாப்பெட்டியை எண்ணுகிற கதைதான்.

இரண்டு வீடு, இரண்டு வழக்கம்

யூனிக்ஸ் பெல் ஆய்வகத்தை விட்டு வெளியே போனதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். இன்னொரு பக்கம் ஏடி அண்ட் டி நிறுவனம் 1983ல் வெளியிட்ட சிஸ்டம் 5. என் நண்பன் தட்டிய 'ஏயூஎக்ஸ்' பெர்க்லி வழக்கம். முன்னால் ஒரு கோடு போட்டு 'ஈஎஃப்' என்று தட்டுவது சிஸ்டம் 5 வழக்கம். இன்று லினக்ஸில் இரண்டுமே வேலை செய்கிறது. சம்பந்திச் சண்டை முடிந்து எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் உள்ளே ஒரு முக்கியமான வித்தியாசம் இருந்தது. பெர்க்லி வீட்டில் பழைய முறையே தொடர்ந்தது. பட்டியல் கேட்கும் நேரத்தில் ப்ராசஸின் சொந்த நினைவகத்தைப் பார்ப்பது. சிஸ்டம் 5 வீட்டில், நிரல் தொடங்கும்போதே அந்தக் கட்டளையின் தொடக்கத்தைக் கர்னல் தன் பக்கத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டது. வெறும் 80 எழுத்து. அந்த வழிவந்த சோலாரிஸிலும் இந்த 80 வரம்பு வெகுகாலம் இருந்தது.

வணிகவியல் மொழியில் சொன்னால், பெர்க்லி முறை சம்பந்தப்பட்டவரையே கூப்பிட்டு 'உன் கணக்கைச் சொல்லு' என்று கேட்பது. சிஸ்டம் 5 முறை பில் போடும்போதே கார்பன் காப்பி எடுத்து முதலாளி வைத்துக்கொள்வது. காப்பியைப் பிறகு திருத்த முடியாது, ஆனால் 80 எழுத்துக்கு மேல் கிழிந்திருக்கும்.

நினைவகத்தை எட்டிப் பார்க்கும் முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த உரிமையை எல்லோருக்கும் கொடுத்தால் மற்றவர்களின் ரகசியங்களையும் படித்துவிடலாம். அதனால் பெர்க்லியில் பிஎஸ்ஸுக்கு மட்டும் தனி அதிகாரம் கொடுத்தார்கள். இதற்கு மாற்றாக 1984ல் பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன் ஒரு அழகான யோசனையை முன்வைத்தார். ஒவ்வொரு ப்ராசஸையும் 'ப்ராக்' என்ற அடைவுக்குள் ஒரு கோப்பாகக் காட்டிவிடலாம். கோப்புக்கு உள்ள அனுமதி விதிகளே ப்ராசஸுக்கும் பொருந்தும். யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் வந்த இந்த யோசனை பின்னால் சிஸ்டம் 5க்கும், பிளான் 9 இயங்குதளத்துக்கும், லினக்ஸுக்கும் போனது.

பெயர் மாற்றிக்கொண்ட புழு

இப்போது கதையில் வில்லன் வருகிறான். வில்லன் என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அவருக்கு அப்போது வயது 22.

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் இணையத்தில் ஒரு புழு நிரலை அவிழ்த்துவிட்டார். பெர்க்லி யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ், சன் கணினிகளுக்குள் அது புகுந்தது. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறத்தாழ 6,000 பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் அந்தப் புழு செய்த முதல் வேலைகளில் ஒன்று, தன் ஆர்க்யுமென்ட்களைத் துடைத்துவிட்டு, தன் பெயரை 'எஸ்ஹெச்' என்று மாற்றி எழுதியது. யூனிக்ஸில் 'எஸ்ஹெச்' என்பது எல்லோரும் எப்போதும் ஓட்டும் சாதாரண ஷெல். சிஸ்டம் நிர்வாகி பிஎஸ் தட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? யாரோ ஷெல் ஓட்டுகிறார்கள் என்று தெரியும். கூட்டத்தில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நடந்த திருடன் மாதிரி. கையேடு 1979லேயே எழுதிவைத்த எச்சரிக்கையை ஒன்பது ஆண்டு கழித்து ஒரு மாணவர் பயன்படுத்திக்கொண்டார்.

மாட்டிக்கொண்டது எப்படி? பட்டியலில் உள்ள பெயரால் அல்ல. ஒரே கணினியில் பல பிரதிகள் ஏறியதில் கணினிகள் மூச்சுத் திணறின. பெயர் பொய் சொன்னது, சுமை பொய் சொல்லவில்லை. தணிக்கையில் ஒரு ஆதாரத்தை இன்னொரு ஆதாரத்தோடு ஒப்பிடு என்று சொல்லிக் கொடுப்பது இதற்குத்தானே. 1990ல் மோரிஸுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேர சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. பிற்பாடு அவர் எம்ஐடியில் பேராசிரியர் ஆனார்.

இதில் ஒரு விசித்திரம். அவருடைய அப்பா ராபர்ட் மோரிஸ் அதே பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். யூனிக்ஸில் கடவுச்சொற்களை மறைத்து வைக்கும் முறை பற்றி 1979ல் கென் தாம்ப்சனோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதியவர்!

ஒரே கதவு

1990களில் லினக்ஸ் பரவியது. லினக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ப்ராக் அடைவில் ஒரு உள் அடைவு. அதற்குள் ஆர்க்யுமென்ட்களுக்கு ஒரு கோப்பு. 2015ல் வந்த 4.2 பதிப்புக்கு முன்புவரை அதில் 4,096 பைட்டுக்கு மேல் தெரியாது. இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. இயல்பான அமைப்பில் இந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அதே ப்ராசஸின் சூழல் மாறிகள் இருக்கும் பக்கத்துக் கோப்பை உரிமையாளரும் நிர்வாகியும்தான் படிக்க முடியும்.

இங்கேதான் கடவுச்சொல் சிக்கல் வருகிறது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே கொடுக்கலாம். கொடுத்தால் ஆபத்து என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அதனால் அந்த நிரல் தொடங்கியதும் தன் ஆர்க்யுமென்டில் இருக்கும் கடவுச்சொல்லைத் தானே அழித்துவிடுகிறது. ஆனாலும் அழிப்பதற்கு முன் ஒரு கண நேரம் தெரியும் என்றும், சிஸ்டம் 5 வகைக் கணினிகளில் இந்த வித்தை பலிக்காது என்றும் கையேடு சொல்கிறது. ஏன் பலிக்காது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அங்கே முதலாளியிடம் கார்பன் காப்பி இருக்கிறதே!

கவனித்தீர்களா? கடவுச்சொல்லைக் காப்பாற்ற நல்ல நிரல் பயன்படுத்தும் கதவும், மோரிஸின் புழு ஒளிந்துகொண்ட கதவும் ஒரே கதவுதான். ப்ராசஸ் தன் ஆர்க்யுமென்டை மாற்றலாம் என்றால் திருடனும் மாற்றுவான். மாற்ற முடியாது என்றால் ரகசியம் ஊருக்கே தெரியும். 50 வருடம் ஆகியும் இந்த முடிச்சு முழுதாக அவிழவில்லை. 2012ல் வந்த லினக்ஸ் 3.3ல் 'ஹைட்பிட்' என்று ஒரு வசதி சேர்த்தார்கள். அதை இயக்கினால் மற்றவர்களின் ப்ராசஸ் விவரம் தெரியாது. ஆனால் நிர்வாகி நினைத்து இயக்கினால்தான் உண்டு.

விண்டோஸும் இதே பாதையில்தான் வந்தது. அங்கும் கட்டளை வரி ப்ராசஸின் சொந்த நினைவகத்தில்தான் இருக்கிறது. 2007ல் கடைக்கு வந்த விஸ்டாவில் டாஸ்க் மேனேஜர் அதைக் காட்டத் தொடங்கியது. 2013ல் வந்த 8.1ல், ஒவ்வொரு ப்ராசஸும் தொடங்கும்போதே கட்டளை வரியைப் பாதுகாப்புப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வசதி வந்தது. அதாவது கார்பன் காப்பி. உடனே திருடர்கள் தந்திரத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். சாதுவான ஆர்க்யுமென்ட்களோடு ப்ராசஸை நிறுத்திய நிலையில் தொடங்குவது, பதிவேட்டில் பொய் ஏறியதும் உண்மையான ஆர்க்யுமென்ட்களை உள்ளே மாற்றி எழுதி ஓடவிடுவது. காப்பி எடுக்கும் நேரம் தெரிந்தால் காப்பியையும் ஏமாற்றலாம். போதாததற்கு, அந்தப் பதிவேட்டிலும் கடவுச்சொற்கள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே நான் புரிந்துகொண்டது இதுதான். பிஎஸ் காட்டும் வரி ஒரு சாட்சியின் வாக்குமூலம். அதை யார் எழுதியது, எப்போது எழுதியது, யார் யார் படிக்கலாம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் என்ன ஆச்சு?

எங்கள் சர்வருக்கு வருவோம். தரவுத்தள நிரல் தன் கடவுச்சொல்லை ஒழுங்காக அழித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை அழைத்த ஸ்கிரிப்டுக்கும் கடவுச்சொல்லை ஆர்க்யுமென்டாகக் கொடுத்திருந்தார்கள். அந்த ஸ்கிரிப்டை ஓட்டிய ஷெல்லுக்கு அழிக்கத் தெரியாது. நகல் எடுத்து முடியும் வரை அந்த வரி பட்டியலில் நின்றது.

நான் அந்தக் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்க்கவில்லை. ரொம்ப நல்லவன் என்பதால் அல்ல, பயம்தான் காரணம். வகுப்பு முடிந்ததும் ஆய்வகப் பொறுப்பாளர் சாரிடம் போய்ச் சொன்னேன். முதலில், "இது ரொம்ப நாளா இப்படித்தான் ஓடுது, யாருப்பா பாக்கப் போறாங்க?" என்றார். நான் இரண்டெழுத்தும் மூன்றெழுத்தும் தட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வாரமே கடவுச்சொல்லை மாற்றி, அவர் மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பில் வைத்து, ஸ்கிரிப்ட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார். மொத்தம் பத்து நிமிட வேலை.

போகும்போது ஒன்று கேட்டார். "உனக்கு முன்னாடி யாராவது பாத்திருப்பாங்களாப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரிய வழியில்லை. பிஎஸ் எல்லோரையும் காட்டுகிறது, ஆனால் பட்டியலை யார் பார்த்தார்கள் என்று எங்கேயும் எழுதிவைப்பதில்லை. அத்தனை வருட மார்க் பட்டியலில் எது உண்மை, எது யாரோ திருத்தியது என்று இனிமேல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. யாரும் கை வைக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தணிக்கையாளர் 'இருந்திருக்கலாம்' என்று கையெழுத்து போட முடியாதே!

என் 11 மட்டும் உண்மை. அதற்கு நான் சாட்சி :-)

தகவலில் பிழை இருந்தால் கணினித் துறை நண்பர்கள் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். அப்படியே உங்கள் ஸ்கிரிப்ட்களில் கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீண்டும் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.